விலை உயர்ந்த தோல் கைப்பையில் பாச்சை உருண்டை வாடையும் மக்கல் வாடையும்: எப்படிப் போக்குவது?

காரைக்குடிப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தேடிப் பார்த்தால் ஒருவர் வினிகர் என்கிறார், இன்னொருவர் வெயில் என்கிறார், மூன்றாமவர் அடுப்புக்கரி என்கிறார், எதை நம்பிக் கை வைப்பது என்று தெரியவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் சின்னாத்தா (சித்தி) தன்னுடைய கைப்பை ஒன்றை எனக்கென்று கொடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் கம்பெனி. வெளியே மணி மணியாக இருக்கும் கறுப்புக் கன்றுத்தோல், உள்ளே வெளிர் பழுப்பில் துணி லைனிங், கைப்பிடி மட்டும் சாயம் பூசாத இயற்கைத் தோல். இன்று கடையில் புதிதாக வாங்கினால் லட்சங்களில்தான் பேச வேண்டும். விலையை விடுங்கள், சின்னாத்தா வேலைக்குப் போய்ச் சம்பாதித்துத் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள், அதை என் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் பயமாக இருக்கிறது.

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வந்தபோது கொண்டுவந்து, பெரிய வீட்டில் எங்கள் அறையில் இருக்கும் பர்மாத் தேக்கு பீரோவில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த அறை வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். பட்டுப்புடவைகளுக்காக அதில் பாச்சை உருண்டை, அதாவது நாப்தலீன் உருண்டை, போட்டு வைப்பது ஆயா (பாட்டி) காலத்து வழக்கம். இந்த அடைமழைக்குப் பிறகு பிள்ளையார் நோன்புக்கு வீட்டைத் திறந்தபோது பையை எடுத்தேன். ஜிப்பைத் திறந்ததும் பாச்சை உருண்டை மூக்கில் ஏறுகிறது, அதற்கு அடியில் ஈரச் சாக்கை மோந்தால் வருமே, அந்த மக்கல் வாடை. மூடியைத் தூக்கிப் பார்த்தால் தையலை ஒட்டி ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் வேறு. தையின் பின்பாதியில் ஒரு கல்யாணம், சின்னாத்தாவும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் இந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆசை. தோலுக்குச் சேதம் வராமல் வாடையைப் போக்க வழி சொல்லுங்கள். இதுவரை ஒன்றும் செய்யவில்லை, தொடவே இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி

ஒன்றும் செய்யாமல் கேட்டாயே ஆத்தா, அதுவே பாதி வேலை. முதலில் பையை அந்த அறையை விட்டு வெளியே கொண்டு வா. ஜிப்பு, உள்பை, மூடி எல்லாவற்றையும் திறந்து, வளவில், அதாவது நடுமுற்றத்துத் தாழ்வாரத்தில், நிழலாகப் பார்த்து வை. நேர் வெயில் வேண்டாம், ஆனால் காற்று ஓட வேண்டும். மழை மூட்டமாக இருக்கும் நாளில் வளவில் வைக்காதே, இருக்கிற ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அந்த நாளில் உள்ளே ஃபேனுக்கு எதிரே வை. தரையில் மட்டும் வைக்காதே. ஆத்தங்குடிக் கல் பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் மழைக்காலத்தில் ஓதம் ஏறும், கால் வைத்தாலே தெரியும். நாற்காலியிலோ முக்காலியிலோ வை.

பழைய நியூஸ் பேப்பரைச் சுருட்டி உள்ளே திணிக்கச் சொல்வார்கள், செய்யாதே, வெளிர் லைனிங்கில் அச்சு மை ஒட்டினால் போகவே போகாது. வெள்ளைத் தாள் என்றால் சரி. எங்கள் வீட்டில் அடுப்புக்கரியைத் துண்டு துண்டாக உடைத்து, தூள் இல்லாமல் சலித்து, வெள்ளை மல் துணியில் முடிந்து, சின்ன ஓலைக் கொட்டானில் போட்டுப் பெட்டிக்குள் வைப்போம். கொட்டான் கரியைத் தோல் மேல் படாமல் பிடித்துக்கொள்ளும், பின்னல் இடைவெளியில் காற்றும் போய் வரும். கருப்பட்டி, பலகாரம் வைத்த கொட்டானை எடுக்காதே, எறும்பு வந்துவிடும்.

ரஸ்தாக்காரன்

எனக்குத் தெரிந்து எளிய வழி, ஒரு நாள் நல்ல உச்சி வெயிலில் போட்டு எடுப்பதுதான். மெத்தை, தலையணை எல்லாம் அப்படித்தானே செய்கிறோம். வாடை மிச்சம் இருந்தால் ஆப்ப சோடாவை உள்ளே தூவி ஓர் இரவு வைத்துத் தட்டிவிடுங்கள். அப்புறம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் தோல் பளிச்சென்று ஆகிவிடும்.

திண்டுக்கல் தோல்

ரஸ்தாக்காரர் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் சொன்ன மூன்றுமே இந்தப் பைக்கு ஆகாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்த இழையைப் பிறகு படிக்கிறவர்களுக்கும் பயன்படும். நான் தோல் பதனிடும் குடும்பம், இப்போது இருப்பது காரைக்குடிப் பக்கம்.

முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். சமையல் எண்ணெய் தோலுக்குள் இறங்கினால் திரும்ப வராது, நாளாக ஆகக் காறிப்போய்ச் சிக்கு வாடை அடிக்கும், இப்போது இருக்கும் இரண்டு வாடையோடு மூன்றாவதும் சேரும். போதாக்குறைக்கு அந்தக் கொழுப்பைத் தின்று பூசணம் இன்னும் செழிக்கும். அடுத்தது ஆப்ப சோடா. தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் கிட்டத்தட்ட 3.5-லிருந்து 5 வரை. சோடா காரம். ஈரத் தோலில் நேராகப் பட்டால் மங்கும், நிறம் மாறும், தையல் இடுக்கில் புகுந்த தூள் வெளியே வராது. புளித்த வாடைக்குச் சோடா கொஞ்சம் கேட்கும், அதுவும் கிண்ணத்தில் போட்டுப் பக்கத்தில் வைத்தால். பாச்சை உருண்டைக்கு அது ஒன்றும் செய்யாது. வெயிலைப் பற்றி ஆச்சி சொன்னதுதான் சரி. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் கொதிக்கும் தண்ணீரையே தாங்கும், ஆனால் மேலே இருக்கும் சாயம், ஓரப் பூச்சு, உள்ளே ஒட்டியிருக்கும் பசை தாங்காது. கைப்பிடி இயற்கைத் தோல் என்கிறீர்கள், அது தாவரப் பதம், அதாவது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. தாவரப் பதத் தோல் நனைந்திருந்தால் 75, 80 டிகிரியிலேயே சுருங்க ஆரம்பிக்கும். வெயிலில் அவ்வளவு சூடு ஏறாதுதான், ஆனால் நிறம் திட்டுத் திட்டாகக் கறுக்கும், காய்ந்து வெடிக்கும்.

இனி அந்த வெள்ளைப் புள்ளி. அதை முதலில் என்னவென்று பார்க்க வேண்டும், எல்லா வெள்ளையும் பூசணம் இல்லை. பதனிட்ட தோல் விறைத்துப் போகாமல் இருக்க அதற்கு எண்ணெய் ஏற்றுவோம், அந்தக் கொழுப்பு சில சமயம் மேலே கசிந்து வெள்ளையாகப் படியும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சில நொடி மட்டும் காட்டுங்கள். கொழுப்பாக இருந்தால் உருகி உள்ளே போய் மறைந்துவிடும். பூசணமாக இருந்தால் அப்படியே இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பூசணத்தில் மெல்லிய நார் தெரியும்.

பூசணம் என்றால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்து பறந்து புடவை மேலும் உட்காரும், உங்கள் நெஞ்சுக்குள்ளும் போகும். வாசலுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, உலர்ந்த மெல்லிய துணியால் ஒரே பக்கமாக இழுத்துத் துடையுங்கள். அந்தத் துணியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பிறகு வேறொரு துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஈரம் தட்டுப்படாத அளவில் ஒரு முறை துடைத்து உடனே காற்றில் வையுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் தோலில் படவே கூடாது, மேல்பூச்சைக் கரைத்துவிடும். துணி லைனிங் என்பதால் உள்ளே மட்டும், ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 70 சதவீத ஐசோபிரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாகத் தொட்டு ஒற்றலாம். ஊற்றாதீர்கள், லைனிங்குக்குப் பின்னால் அட்டையும் பசையும் இருக்கும். வினிகர் அந்த வெளிர் பழுப்பில் கறை விடலாம், நான் சொல்ல மாட்டேன்.

பாச்சை உருண்டை வாடை தனிக் கதை. நாப்தலீன் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தோலுக்குள் இருக்கும் கொழுப்பில் போய்க் கரைந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் துடைத்துப் பயனில்லை. எப்படி ஆவியாகி உள்ளே போனதோ அப்படியே ஆவியாகி வெளியே வரவேண்டும், அதற்குக் காற்றோட்டமும் பொறுமையும்தான் மருந்து. ஒரு வாரத்தில் நடக்காது, சில வாரம் ஆகும். பகலில் காற்றில் வையுங்கள், ராத்திரி மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஆக்டிவேட்டட் கரியோடு வையுங்கள். அடுப்புக்கரியும் இழுக்கும், ஆனால் மீன் தொட்டிக் கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கரிக்கு நுண்துளை பலமடங்கு அதிகம், வாடையைப் பிடிப்பதில் அதுதான் கெட்டி. ஆச்சி சொன்ன கொட்டானிலேயே போட்டு வைக்கலாம், நல்ல யோசனை.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் கைப்பிடித் தோலைப் பார்த்து வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது, கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீர் கொடுத்து நிறத்தைத் தெளிய வைப்பார்கள். பின்னால் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை வந்து ஆவாரை இடத்தைப் பிடித்தது. பட்டை வேறாக இருக்கலாம், கைப்பிடியில் இருப்பது அதே வகைப் பதம்தான். தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமாகக் கறை நிற்கும். அதை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

கோட்டையூர் அம்மா

வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று யாரும் கேட்கவில்லையே. நான் நர்ஸாக இருந்தவள், அதனால் சொல்கிறேன். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி ஆகவே ஆகாது, ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரும். பாச்சை உருண்டையில் கிடந்த துணியில் குழந்தையைச் சுற்றியே அப்படி ஆனதுண்டு. குறைபாடு இருப்பது பரிசோதிக்காதவரை முன்கூட்டித் தெரியாது. ஆகவே பை, அந்தப் பீரோவில் இருந்த புடவை, போர்வை எதையும் காற்றாட விடாமல் குழந்தை படுக்கும் அறைக்குக் கொண்டு போகாதீர்கள். உருண்டையைக் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டால் அது இன்னும் மோசம், உடனே ஆஸ்பத்திரிதான். பழைய வீட்டைத் திறக்கும்போது பீரோவின் மூலை முடுக்கில் தேய்ந்து சின்னதாகிக் கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ரஸ்தாக்காரன்

கோபமெல்லாம் இல்லை அண்ணே, விவரத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம். காப்பித்தூள், சாம்பிராணிப் புகை, வெட்டிவேர் இதெல்லாம்? வீட்டில் பெண்கள் புடவைக்கு வெட்டிவேர் வைப்பார்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

திண்டுக்கல் தோல்

வாடை முழுக்கப் போன பிறகு வெட்டிவேர் ஒரு சின்ன முடிச்சு வைக்கலாம், தாராளமாக. வாடை இருக்கும்போது வைத்தால் இரண்டும் கலந்து புதுசாக ஒன்று வரும், அப்புறம் எது போயிற்று எது போகவில்லை என்று மூக்குக்கே தெரியாது. செண்ட் அடிப்பதும் அப்படித்தான். சாம்பிராணிப் புகையில் பிசின் இருக்கிறது, தோல் மேல் படியும். காப்பித்தூளில் எண்ணெய் உண்டு, லைனிங்கில் பழுப்புக் கறை விழும், அதன் வாசனையும் லேசில் போகாது. ஓசோன் மெஷின் வைத்து வாடை எடுத்துத் தருகிறோம் என்று சிலர் வருவார்கள், ஓசோன் தோலையும் நூலையும் ரப்பரையும் அரிக்கும், விலை உயர்ந்த பொருளில் அந்த விளையாட்டு வேண்டாம்.

தஞ்சோங் பகார்

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், சொந்த ஊர் தேவகோட்டை. இங்கே வருடம் முழுக்கப் புழுக்கம் என்பதால் தோல் பை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு. நிறைய பேர் கேமராவுக்கு வைக்கும் மின்சார டிரை கேபினட்டையே (உள்ளே ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி) பைக்கும் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேலே நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும், 45-லிருந்து 55-க்குள் இருந்தால் தோலும் காயாது, பூசணமும் வராது. அதற்காக நீங்கள் கேபினட் வாங்க வேண்டாம், சின்ன ஈரப்பத மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பீரோவுக்குள் ஒன்று வைத்தால் மழைக்காலத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கண்ணால் பார்த்தால்தான் வீட்டில் மற்றவர்களும் நம்புவார்கள்.

சிலிக்கா ஜெல் போடுங்கள், ஆனால் நீல நிறம் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நல்லதில்லை. ஆரஞ்சு நிறத்தில் வரும், ஈரம் குடித்தால் நிறம் மாறும், ஓவன் அடுப்பில் 120 டிகிரி வாக்கில் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். நினைவிருக்கட்டும், ஜெல் முக்கியமாக ஈரத்துக்குத்தான், வாடைக்குக் கரி.

இன்னொன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். உள்ளே கையை விட்டு லைனிங்கைத் தடவிப் பாருங்கள், குறிப்பாக உள்பையின் அடியில். கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, செதிளாக உரிந்து வந்தாலோ அது பூசணம் இல்லை. 80-களிலும் 90-களிலும் வந்த பல பெரிய கம்பெனிப் பைகளின் உள்பூச்சு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை, ஈரக்காற்று பட்டுப் பட்டு அதுவே சிதைந்து பசையாகிவிடும், அதற்கென்று ஒரு வாடையும் உண்டு. அப்படி இருந்தால் எந்தக் கரியும் கேட்காது, லைனிங்கை எடுத்துவிட்டு மாற்றுவதுதான் வழி. சின்னாத்தா இங்கேதான் இருக்கிறார்கள் என்றால் கம்பெனிக் கடையிலேயே கொடுத்து விசாரிக்கச் சொல்லலாம்.

காரைக்குடிப் பெண்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொன்னபடி செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். லைனிங் பிசுபிசுக்கவில்லை, அது ஒரு நிம்மதி. ஹேர் டிரையர் காட்டியபோது மூடியின் கீழே இருந்த புள்ளிகள் அசையவில்லை, ஆனால் கைப்பிடி மாட்டும் வளையத்துக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை மட்டும் கண் முன்னாலேயே மறைந்துவிட்டது! ஆக இரண்டும் இருந்திருக்கிறது, அதைப் பூசணம் என்று தேய்த்திருந்தால் வீண் வேலை. மூடியைத் தெருவாசலுக்குக் கொண்டுபோய்த் துடைத்தேன், துணியில் சாம்பல் நிறமாக வந்தது. பகலில் வளவு, ராத்திரி டப்பாவும் கரியும் என்று வைத்துவருகிறேன். மக்கல் வாடை முன்னாலேயே போய்விட்டது. பாச்சை உருண்டை இப்போது பைக்குள் முகத்தை விட்டால்தான் தெரிகிறது, கையில் பிடித்திருக்கும்போது இல்லை. கோட்டையூர் அம்மா, வீட்டில் என் நாத்தனார் குழந்தை இருக்கிறது, நீங்கள் சொன்ன அன்றே பீரோவைக் காலி செய்து உருண்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம், ஆயாவும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. கைப்பிடியில் பிடிக்கும் இடம் மட்டும் கறுத்து, வியர்வை வாடை லேசாக இருக்கிறது, அதை என்ன செய்வது? அப்புறம், கல்யாணத்துக்குப் பிறகு பட்டுப்புடவையையும் பையையும் எங்கே எப்படி வைப்பது, பாச்சை உருண்டை இல்லாவிட்டால் பூச்சி வராதா?

திண்டுக்கல் தோல்

கைப்பிடி கறுத்தது கை எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து வருவது, தாவரப் பதத் தோலில் அது தேய்த்துப் போகாது, போக்கப் போனால் திட்டுத் திட்டாகும். சின்னாத்தா கை பட்டு ஏறிய நிறம், அப்படியே இருக்கட்டும். வாடைக்குக் காற்றே போதும். எடுத்துப் போகும்போது கைப்பிடியில் ஒரு சின்னப் பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டால் இனிமேல் வியர்வை ஏறாது. உடல் பகுதிக்கு மட்டும், நிறமில்லாத தோல் கிரீம் ஒரு பட்டாணி அளவு, அடிப்பக்கம் சோதித்துவிட்டு, வாடை முழுக்கப் போன பிறகு. இப்போதே பூசினால் மிச்ச நாப்தலீன் உள்ளேயே தங்கும்.

பள்ளத்தூர் ஆச்சி

புடவையும் பையும் ஒரே தட்டில் வேண்டாம் ஆத்தா. பட்டுக்குப் பூச்சி வராமல் இருக்க, மடிப்பை மாற்றி மாற்றிப் போட்டு, துணியில் முடிந்த வேப்பிலையை நன்றாகக் காயவைத்து வைத்தால் கொஞ்சம் உதவும், அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுதான் பெரிய காவல். பைக்குப் பழைய பருத்திக் கண்டாங்கிச் சேலையில் ஒரு உறை தைத்துக்கொள், சாயம் போகாதபடி நன்றாகத் துவைத்து வெளுத்துப் போனதாகப் பார்த்து எடு, சிவப்புக் கண்டாங்கி வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் சுற்றி மாசக்கணக்கில் வைக்காதே. பூட்டிய அறையில் வைக்காமல் காரைக்குடியில் நீங்கள் புழங்கும் வீட்டிலேயே வைத்துக்கொள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு தடவை திறந்து காற்றாட வை, மற்ற மாதத்தில் மாசத்துக்கு ஒரு தடவை போதும். வெளியே எடுத்துப் போய் வந்ததும் உடனே உறைக்குள் போடாதே, உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டு ஒரு ராத்திரி திறந்து வை. கல்யாண வீட்டில் கொடுக்கும் சீப்புச் சீடையையும் மனகோலத்தையும் அதில் போட்டுக்கொண்டு வராதே, எண்ணெய்க் கவர் கசியும், அதற்குத் தனியாக ஒரு துணிப்பை எடுத்துப் போ.